கைதட்டல் விழும் இடம்

ஜங்புரா மெட்ரோவில் என் சாக்ஸபோன் பெட்டி சோதனை இயந்திரத்துக்குள் போய் ஒழுங்காக வெளியே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது நான்தான். பெண்களைச் சோதிக்கும் திரைக்குப் பின்னால் காவலர் அம்மாளின் கை என் இடுப்பில் வந்து நின்றது. ஸ்வெட்டருக்கு உள்ளே வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று இருந்தது. அவள் அதை அழுத்திப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"யே க்யா ஹை?"

எனக்கு இந்தி தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்போது வாய் திறந்திருக்காது. குழாயை வெளியே எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கி ஒரு பக்கத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"பாஜா ஹை தீதி, பாஜா! ஷாதி மே பஜாதே ஹை நா, வோ!" திரைக்கு வெளியிலிருந்து சின்னம்மா கத்தினாள். எட்டிப் பார்த்தபோது இரண்டு கன்னங்களையும் உப்பிக்கொண்டு இல்லாத கல்யாண வாத்தியத்தை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காவலர் அம்மாளும் சிரித்துவிட்டுக் குழாயைத் திருப்பித் தந்தாள்.

"ஏன்டி, பொட்டியில வெக்கிறத வயித்துல வெச்சிக்கினு வர்ற? புள்ளத்தாச்சியா நீ?" என்றாள் சின்னம்மா, நகரும் படியில் இறங்கும்போது.

"குளிருல சுருதி எறங்குது சின்னம்மா."

அது வாத்தியத்தின் கழுத்து. வாயில் வைக்கும் முனை அதில்தான் மாட்டும். விழுப்புரத்தில் எனக்கு இந்தக் கவலை வந்ததே இல்லை. தில்லிக்கு வந்த மறுநாள் காலை ஊதிப் பார்த்தபோது என் வாத்தியம் யாருடைய குரலிலோ தாழ்ந்து பேசியது. ஜனவரிக் குளிர் முழுக்க அதன் வயிற்றுக்குள் போயிருந்தது. கழுத்தையாவது சூடாக வைத்திருப்போம் என்றுதான் அன்றிலிருந்து அதை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு திரிந்தேன்.

நான் ஊர் பார்க்க வரவில்லை. இங்கேயே இருந்துவிட முடியுமா என்று பார்க்க வந்தேன்.

அப்பா மாசிலாமணி விழுப்புரத்தில் பேண்டு செட் நடத்துகிறார். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது செட்டில் சாக்ஸபோன் வாசித்தவர் சொல்லாமல் நின்றுவிட்டார். ஒரு முகூர்த்த சீசனுக்கு மட்டும் என்று நான் போனேன். திரும்பிப் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு சனி ஞாயிறுகளில் பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் வாசித்தேன். அங்கே கிடார் வாசித்த பிரெஞ்சுக்காரர் ஒருவர்தான் எனக்கு ஜாஸைக் காட்டினார். அவரும் நானும் மட்டும், இரண்டே பேர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவர் சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணுவார். போன வருஷம் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் மிஞ்சியது என் பழைய போன்தான். அதன் ஸ்பீக்கரில் எந்தப் பாட்டைப் போட்டாலும் சாக்ஸபோன் மட்டும் கேட்கும், மற்றதெல்லாம் இரைச்சலாகிவிடும்.

நான் வாசித்த ஒரு வீடியோ எப்படியோ தில்லியில் சுந்தரேஷ் என்பவர் கைக்குப் போயிருந்தது. டிரம்ஸ் வாசிப்பவர். ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் மனைவி மாதுரி பியானோ, அக்ஷய் என்று ஒருவர் பாஸ் கிடார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழு. அவர்களுடைய சாக்ஸபோன்காரர் கோவாவுக்குப் போய்விட்டார். "ஒரு தடவ வந்து பாருங்கோ. இடம் பிடிச்சாதான் மூட்டையக் கட்டணும்" என்று சுந்தரேஷ் போனில் சொன்னார்.

அப்பா வேறு மாதிரி சொன்னார். "போய்ட்டு வா, வேணான்னு சொல்லல. தை பொறந்தா முகூர்த்தம். ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிடு. நீ இல்லன்னா உன் எடத்துல கருப்பசாமியப் போட்டுடுவேன். அவனுக்கும் வேற செட்டுல கூப்புடுறாங்க, அதுக்கு மேல காத்திருக்க மாட்டான். போட்டா போட்டதுதான், நடுவுல எடுக்க முடியாது."

அப்பா ஒரு இடத்தைக் கொடுத்தால் கொடுத்ததுதான். செட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் ஜங்புராவில் ஏறி, கால்காஜியில் ரயில் மாறி ஷாபூர் ஜாட் போய்ச் சேர்ந்தோம். சந்துக்குள் தையல் கூடங்கள். அவற்றுக்குக் கீழே படியிறங்கிப் போனால் ஒரு அடித்தளத்தில் சாப்பாட்டுக்கடை. மூலையில் சிறிய மேடை. சின்னம்மா நிஜாமுதீனில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறாள். போன வருஷம் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு சித்தப்பாவும் பிள்ளைகளும் ஊரின் மறுகோடியில் நரேலாவில் கிடைத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். சின்னம்மா மட்டும் வேலைக்காக போகலில் இரண்டு பெண்களோடு ஒரு அறையில் இருக்கிறாள். என்னைத் தனியாக இப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று நல்ல புடவை கட்டி, மேலே சித்தப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"வாங்கோ வாங்கோ, உதயாதானே?" சுந்தரேஷ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். நாற்பது வயது இருக்கும். "இவா யாரு, அம்மாவா?"

"அம்மா மாரிதான். செல்லம்மாள்" என்றாள் சின்னம்மா. "தம்பி, இங்க டீ கெடைக்குமா?"

"டீ கிடைக்காதே. நிம்பு சோடா சொல்லட்டுமா?"

"தண்டா வேணாம், குளுருது. சும்மா குந்திக்கிறோம்."

அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். மாதுரி மேடம் ஒன்றும் எண்ணவில்லை. தலையைக் குனிந்து விரலைச் சொடுக்கினார். நான்கு சொடுக்கு. உடனே மூன்று பேரும் சேர்ந்து விழுந்தார்கள்.

எனக்கு முதுகில் சிலிர்த்தது. இதற்காகத்தானே வந்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று உறுத்தத் தொடங்கியது. சுற்றி இருந்தவர்கள் மெல்லக் கை தட்டினார்கள், விரல் சொடுக்கினார்கள். அந்தத் தட்டை வைத்து நான் எண்ணினேன். பியானோ ஒவ்வொரு முறையும் தட்டுக்கு முன்னாலேயே அடுத்த சுரக்கூட்டுக்கு இடம் மாறியது. ஒரு அடி முந்தி. பாஸும் அப்படியே. இவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே முந்திப் போகிறார்கள், அதுதான் தில்லி பாணி என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் செட்டில் பெரிய டிரம் விழும் இடம்தான் ஒன்று, அதாவது தாளத்தின் முதல் அடி. கோயிலில் தாளம் போடுகிறவர் கையும் தட்டில்தான் தொடங்கும். தட்டு என்றால் தொடக்கம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தர வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றியதும் இல்லை.

நடுவில் மாதுரி மேடம் ஒரு கையால் தன் தலையைத் தட்டினார்.

"தல வலிக்குது போல. பாவம், தைலம் இருந்தா குடுக்கலாம்" என்றாள் சின்னம்மா.

இடைவேளையில் சுந்தரேஷ் எங்கள் மேஜைக்கு வந்தபோது அவள் அதையே கேட்டாள். அவர் சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"அது சிக்னல் மாமி. தலையத் தொட்டா, பாட்டோட தலைக்கு, மத்லப், ஆரம்பத்துக்குத் திரும்பி வரணும்னு அர்த்தம்."

"வாயத் தொறந்து சொன்னா இன்னாவாம்?"

"அதான, கேளுங்கோ அவள!" பிறகு என் பக்கம் திரும்பினார். "அச்சா, சுனோ. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க ஜாம். யார் வேணா வந்து எங்களோட ஒரு பாட்டு வாசிக்கலாம். நீங்களும் வாசிக்கறேள், குட்காவ்லேர்ந்து இன்னொருத்தரும் வாசிக்கறார். ஹோட்டல்ல வாரத்துக்கு மூணு நாள் வாசிக்க ஆள் வேணும். யாருன்னு மாதுரி சொல்லுவா. நான் வெறும் ஹஸ்பண்ட்."

"ஒரே பாட்டா சார்?"

"ஒரே பாட்டு. இன்னொண்ணு தெரிஞ்சுக்கோங்கோ. இந்த ஊர்ல யாரும் யாரையும் நன்னா இல்லைன்னு சொல்ல மாட்டா. 'வெரி நைஸ்'னு சொல்லுவா. வெரி நைஸ்னா கதம். அப்புறம் போன் வராது. பிடிச்சிருந்தா நைஸெல்லாம் கிடையாது, அடுத்த தேதி என்னன்னு பேச ஆரம்பிச்சுடுவா."

நான் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம்.

"மேடம் எப்பவும் ஒரு அடி முந்தியே போறாங்க இல்ல சார், அது ரொம்ப நல்லா இருக்குது."

அவர் புருவம் உயர்ந்தது. "மாதுரி! இங்க வா. நீ ரஷ் பண்றியாம்!"

பக்கத்து மேஜையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாதுரி மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. வாசிப்பவரிடம் போய் நீ ஓடுகிறாய் என்று சொல்வது, சமைத்தவரிடம் போய் உப்பில்லை என்று சொல்வதைவிட மோசம். அது எனக்கும் தெரியும். அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று விளக்க வாயைத் திறந்தேன்.

"சண்டே பாக்கலாம், யாரு ரஷ் பண்றான்னு" என்றார் அவர்.

திரும்பி வரும்போது ரயிலில் சின்னம்மா கேட்டாள்: "அந்தப் பொம்பள எதுக்குடி அப்படி மொறச்சா?"

"தெரியல."

"எப்படியோ, சம்பளம் குடுக்குறவகிட்ட அதிகம் பேசாத. நான் பேசித்தான் ரெண்டு வூடு போச்சு."

சனிக்கிழமை காலை வாசித்துப் பழக இடமில்லை. போகல் அறையில் மற்ற இரண்டு பெண்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா என்னை பாராபுலா நாலா என்ற சாக்கடைக் கால்வாய் ஓரமாகக் கூட்டிப் போனாள். கேம்ப் இருந்த இடம். செங்கல் தூளும் கிழிந்த தார்ப்பாயும் கிடந்தன. பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை.

"இதோ, இங்கதான் நம்ம வாசப்படி. இங்க நின்னு ஊது. எவன் கேக்குறான் பாக்குறேன்" என்றுவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

அளவுக்கு நான்கு அடியாகப் பன்னிரண்டு அளவு கொண்ட ப்ளூஸ் பாட்டைத் திரும்பத் திரும்ப ஊதினேன். வெள்ளிக்கிழமை கேட்டதுபோல ஒரு அடி முந்திப் போகவும் பழகிப் பார்த்தேன். தில்லி பாணி தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. காலால் தட்டி, தட்டுக்கு முன்னால் பாய்ந்தேன். அது எனக்கு ஒட்டவில்லை. மாடியிலிருந்து இறங்கும்போது படி இல்லாத இடத்தில் கால் வைப்பதுபோல் இருந்தது. விட்டுவிட்டேன். என் அடியில் நான் நிற்பேன், அவர்கள் முந்தினால் முந்தட்டும்.

விசில் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு காவலாளி லத்தியோடு வந்தான். ஏதோ கத்தினான். 'பாஜா ஹை' என்று சொல்லிப் பார்க்க நினைத்தேன். அதற்குள் அவன் லத்தியால் பெட்டியைத் தட்டினான். அள்ளிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். இந்த ஊரில் ஊத ஒரு மூலைகூட இல்லாமல் எப்படி இருப்பது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா நரேலாவுக்குப் போகவேண்டிய நாள். எனக்காகப் போகவில்லை. சித்தப்பா போனில் கத்தியது எனக்கும் கேட்டது.

மதியம் அடித்தளம் நிறைந்திருந்தது. வாசிக்க வந்தவர்களே பாதிப் பேர். முதுகில் கிடார், கையில் டிரம்பெட் பெட்டி. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. எனக்கு முன்னால் குட்காவ்காரர் ஏறினார். உயரமானவர், நரைத்த தாடி.

"தாடியப் பாத்தாலே வேலைக்கு எடுத்துருவாங்கடி" என்றாள் சின்னம்மா என் காதில்.

அவர் நன்றாக வாசித்தார். புதிதாக ஒன்றுமில்லை, ஆனால் எங்கேயும் வழுக்கவில்லை. முடித்ததும் மாதுரி மேடம் அவரிடம் குனிந்து எதுவோ கேட்டார். அவர் போனை எடுத்துத் தேதி பார்த்தார்.

தேதி பேசிவிட்டார்கள். ஸ்வெட்டருக்குள் கையை விட்டு வாத்தியத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்; சூடாக இருந்தது.

"உதயா ஃப்ரம் பாண்டிச்சேரி" என்று சுந்தரேஷ் மைக்கில் சொன்னார். நான் விழுப்புரம். திருத்தவில்லை. ஏறிப்போய்க் கழுத்தை மாட்டினேன். பியானோவோடு சுருதி பார்த்தேன். சரியாக இருந்தது.

"என்ன வாசிக்கற?" என்றார் மாதுரி மேடம்.

"ப்ளூஸ் மேடம். எஃப் சுருதி."

அவர் விரலைச் சொடுக்கினார். நிதானமான ஓட்டம். சொடுக்குக்கு இரண்டு அடி என்று கணக்கிட்டு, முதல் சொடுக்கை ஒன்று என்று பிடித்தேன். நான்காவது சொடுக்குக்குப் பிறகு இரண்டாவது அடியில் நான் நுழைய வேண்டும். நான் மூச்சிழுக்கும்போதே மூன்று பேரும் விழுந்துவிட்டார்கள்.

முந்திவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். என் அடியில் நான் நுழைந்தேன். பாட்டு தொடங்கியது.

முதல் இரண்டு அளவுகளில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் என் நீண்ட சுரம் பியானோவின் மேல் இடித்தது. ஐந்தாவது அளவில் எல்லோரும் வேறு இடத்துக்கு மாற, நான் பழைய இடத்தில் ஒரு அடி நேரம் தனியாக நின்றேன். முன்வரிசையில் கிடாரோடு உட்கார்ந்திருந்த பையன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். சுந்தரேஷ் காலால் பெரிய டிரம்மை அடிக்கத் தொடங்கினார். தம். தம். ஒவ்வொன்றும் என் ஒன்றுக்கு ஒரு அடி முன்னால். என்னையே பார்த்துக்கொண்டு அடித்தார். அக்ஷய் பாஸின் தாழ்ந்த கம்பியை அதே இடத்தில் இழுத்தார்.

வாசித்துக்கொண்டே நினைத்தேன். ஒருவர் முந்தலாம். பழக்கத்தில் இரண்டு பேர்கூட முந்தலாம். மூன்று பேரும் எப்போதும் ஒரே அளவு முந்த முடியாது. அப்படியென்றால் பிந்துவது ஒரே ஒருத்திதான்.

ஆறாவது அளவின் நடுவில் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதை யாரும் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் செட்டில்கூட, தப்பினால் ஊதுவதுபோல் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் அப்பா சொல்லித் தந்த முதல் பாடம். நான் வெறும் வாயோடு விளக்கு வெளிச்சத்தில் நின்றேன். எல்லா முகங்களும் திரும்பின. மாதுரி மேடத்தின் தலையும் நிமிர்ந்தது. அவர்கள் நிறுத்தவில்லை. பாட்டு என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

பின்வரிசையில் யாரோ இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டைக் கேட்டேன். ஒன்று என்று வைத்தால் எல்லாம் கோணலாக இருந்தது. அதையே இரண்டு என்று வைத்துப் பார்த்தேன்.

எல்லாம் நேராகிவிட்டது. பாஸின் தாழ்ந்த கம்பி ஒன்றில் விழுந்தது. பியானோ ஒன்றில் மாறியது. கைதட்டல் அதற்குப் பிறகு, பதில் சொல்வதுபோல், இரண்டிலும் நான்கிலும் வந்தது. யாரும் முந்தவில்லை. வெள்ளிக்கிழமையும் முந்தவில்லை. மேஜைக்கு மேஜை, குடித்துக்கொண்டே கை தட்டியவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. காது சுட்டது.

பன்னிரண்டாவது அளவு வரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளம் என்று மேடையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த சுற்றின் ஒன்றில், தட்டுக்கு முன்னால், நுழைந்தேன். தரை காலுக்கடியில் இருந்தது. சுந்தரேஷ் பெரிய டிரம்மை விட்டுவிட்டார். பாட்டை முழுதாக வாசித்தேன். பிறகு தனியாக வாசிக்க இரண்டு சுற்று விட்டார்கள். அதிகம் வாசிக்கவில்லை. பயமாக இருந்தது. மூன்று நான்கு சுரங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எங்கே வைக்கிறேன் என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். மாதுரி மேடம் தலையைத் தொட்டார். பாட்டின் தலைக்குத் திரும்பினேன். முடித்தோம்.

கை தட்டினார்கள். சின்னம்மா மட்டும் எழுந்து நின்று தட்டினாள்.

மாதுரி மேடம் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். வெள்ளிக்கிழமை சிரிக்காதவர்.

"வெரி நைஸ்" என்றார். "தேங்க்யூ. ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்க."

சுந்தரேஷ் குனிந்து டிரம்மின் திருகைச் சரிசெய்யத் தொடங்கினார். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

படியேறும் இடத்தில் சின்னம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா சொன்னாங்க?"

"வெரி நைஸ்னு."

"அட!" என்றாள் மகிழ்ச்சியாக. பிறகு வெள்ளிக்கிழமை சுந்தரேஷ் சொன்னது ஞாபகம் வந்து முகம் மாறியது. "போவட்டும் விடு. வா, அப்பனுக்குப் போனப் போட்டு வரேன்னு சொல்லிடு. ராத்திரி ரயிலுக்குச் சீட்டு கெடைக்குதா பாக்கலாம்."

போன் என் கையில் இருந்தது. அப்பாவிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள். 'வரேன்' என்று ஒரு சொல் போதும். செட்டில் என் இடம் எனக்கே. பெரிய டிரம் ஒன்றில் விழும், நான் ஒன்றில் வாசிப்பேன், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். சாகும் வரை.

திரும்பி உள்ளே போனேன். அடுத்தவர் மேடையில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். மாதுரி மேடம் பியானோவுக்குப் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதையாவது மறந்துட்டியா?"

"வெரி நைஸ் வேணாம் மேடம். இன்னா தப்புன்னு சொல்லுங்க."

சுந்தரேஷ் நிமிர்ந்தார். மாதுரி மேடம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நெஜமாவா?"

தலையாட்டினேன்.

"சரி. நீ ரெண்ட ஒண்ணுன்னு வெச்சுண்டுட்ட. பாதிப் பாட்டு தப்பு. அது தெரிஞ்சதுதான் உனக்கு."

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் நிறுத்தின? மேடைல யாரும் நிறுத்த மாட்டா. பாக்கவே அசிங்கமா இருந்தது."

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி மேடம் ஊதறது?"

அவர் கணவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் இப்போது இனிப்பு இல்லை. "டோன் இருக்கு. அது யாரும் குடுக்க முடியாதது. டைம் இல்ல. ஹோட்டல்ல வாரம் மூணு நாள், ஒவ்வொரு நாளும் இப்படி நிறுத்திண்டு நின்னா என்னை வெளில அனுப்பிடுவா. இடம் அந்த குட்காவ்காரருக்குத்தான். சொல்லியாச்சு."

"சரி மேடம்."

"வெள்ளிக்கிழமையும் நீ அப்படித்தான் கேட்டுண்டு இருந்தியா? அதான் என்னை ரஷ்னு சொன்னியா?"

"ஆமாம்."

"அரே பகவான்!" என்று சுந்தரேஷ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் நாலு வயசுலேர்ந்து மிருதங்கம் கத்துண்டவன். எனக்கு இந்த எழவு மாற ரெண்டு வருஷம் ஆச்சு. அப்பா பக்கத்துல உக்காந்துண்டு தொடைல தாளம் போடுவார், நான் இந்தப் பக்கம் ஹைஹாட் சிம்பல ரெண்டுலயும் நாலுலயும் போடுவேன்..."

"நீங்க சும்மா இருங்கோ" என்றார் மாதுரி மேடம். "இது தனியா ஊதிப் பழகினா வராதும்மா. டிரம்ஸும் பாஸும் வாசிக்கறவா பக்கத்துலயே கெடந்தாத்தான் வரும். உன் ஊர்ல யார் இருக்கா?"

யாரும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்க எப்ப மேடம் ரிகர்சல் பண்ணுவீங்க?"

"செவ்வாய்க்கிழமை. மயூர் விஹார்ல, எங்க வீட்டுல. ஏன்?"

"நான் வந்து ஓரமா குந்திக்கட்டுமா? வாசிக்க மாட்டேன். கேக்குறதுக்கு."

மேடையில் அடுத்தவர் தயாராகி மாதுரி மேடத்தைப் பார்த்தார். அவர் எழுந்து பியானோவின் முன் உட்கார்ந்துகொண்டே சொன்னார்: "வா. கை மட்டும் தட்டாத."

விரலைச் சொடுக்கினார். நான் படியேறும்போது அந்தச் சொடுக்கு பின்னால் கேட்டது. இரண்டு, நான்கு, இரண்டு, நான்கு.

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சந்தில் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இன்னாச்சு? எடம் கெடச்சிதா?"

"கெடைக்கலப்பா."

"சரி விடு. வா. நான் கருப்பசாமிகிட்ட..."

"அவனுக்கே குடுத்துடுங்கப்பா."

போனில், வீட்டு வாசலில் யாரோ சைடு டிரம்முக்கு வார் இழுக்கும் சத்தம் கேட்டது.

"கெடைக்கலன்னு சொல்ற. அப்புறம் அங்க இன்னா பண்ணப் போற?"

"தப்பா வாசிச்சிக்கினு இருந்தேன்பா. இவ்ளோ நாளா. எங்க தப்புன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அத இங்க இருந்தாத்தான் மாத்த முடியும்."

"தப்பா?" அவர் குரலில் கோபம் ஏறியது. "யாரு சொன்னது? என் செட்டுல யாராவது தப்பா வாசிச்சு நான் உட்டுருக்கேனா?"

"உங்க செட்டுல தப்பு இல்லப்பா. இங்க தப்பு."

அது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நீளமாக மூச்சு விட்டார். "போட்டா போட்டதுதான் உதயா. தெரியுமில்ல."

"தெரியும்."

"குளிருன்னு சொன்னியே. வாத்தியத்தத் தரையில வெக்காத" என்றார். போனை வைத்துவிட்டார்.

சுவரில் சாய்ந்துகொண்டேன். சின்னம்மா கோட்டின் பைகளில் கைகளை விட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"பாகல்" என்றாள். "முழுப் பைத்தியம். எங்க அக்கா பொண்ணப் பத்திரமா திருப்பி அனுப்பிடறன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருந்தன்."

போனைப் பைக்குள் போட்டேன்.

"ரூமுல அந்த ரெண்டு பேரும் முணுமுணுப்பாளுங்க. வாடகையில நாலாவது பங்கு குடுத்தா வாய மூடிக்குவாளுங்க. தண்ணி விடியக்காலையில வரும், நீதான் புடிக்கணும். நிஜாமுதீன்ல ஒரு வூட்டுல பாத்திரத்துக்கும் தொடைக்கவும் ஆள் கேட்டுக்கினு இருக்காங்க. செய்வியா?"

"செய்றன்."

"செவ்வாக்கெழம லீவு கேக்கக் கூடாது முதல் வாரத்துலயே."

"கேக்கணும் சின்னம்மா."

அவள் என்னை முறைத்தாள். பிறகு தரையில் வைத்திருந்த பெட்டியைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு சந்தில் முன்னால் நடந்தாள்.

"ஜல்தி வா. அந்தக் குழாய வயித்துல வெச்சிக்க. அப்புறம் சுருதி எறங்கிடுச்சின்னு என் உயிர எடுக்காத."